பூங்கோதையின் வலது கை

குடை, மிக்சி, குழாய் என்று வீட்டில் எது பழுதானாலும் தானே சரிசெய்துவிடும் தணிகைவேல், மனைவி பூங்கோதையின் செயற்கைக் கையில் ஆடிக்கொண்டிருந்த சுண்டுவிரலையும் ஒரு திருகாணி போட்டு முடுக்கினான்.

"பிடிச்சுப் பாரு, கோதை."

அவள் ஆசையாக அவன் விரல்களைப் பற்றினாள். உடனே அந்தக் கை பேசியது: "அனுமதியற்ற பழுதுபார்ப்பு. இயக்கம் நிறுத்தப்பட்டது."

பிடி விடவில்லை. கம்பெனிக்குப் போன் செய்தார்கள். ஆள் வந்து விடுவிப்பாராம். ஆனால் விதிப்படி கையைக் கழற்றிக்கொண்டு போய்விடுவாராம்.

பால்கனியில் அவள் அந்தக் கையால் ஊன்றிய அவரை விதை இப்போதுதான் முளைவிட்டிருந்தது. அவன் விரல்கள் நீலம் பாரித்திருந்தன.

அழைப்பு மணி அடித்தது.

"ரொம்ப வலிக்குதாங்க?"

"இல்லம்மா, தாங்கலாம்."

மணி மறுபடியும் அடித்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.