வெந்தய அங்கிளின் சாட்சி

ராதாகிருஷ்ணன் மேடையில் நின்று ஒரே ஒரு வெந்தயத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். கடைசி வரிசைக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. இருந்தாலும் மண்டபம் முழுக்கத் தலையாட்டியது.

கிள்ளானில் அந்தத் தாமான் குடியிருப்புக்கே அவர் 'வெந்தய அங்கிள்'. ஞாயிற்றுக்கிழமை காலை அவர் பேசுகிறார் என்றால், பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாதவர்கள்கூட வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

"இந்தத் தோலுக்குள்ள ஒரு பசை இருக்கு. மழை பெய்யிறப்ப தண்ணிய இழுத்துப் பிடிச்சு வச்சிக்கும். அந்த ஈரத்துலதான் முளை பிழைக்கும். அதே பசை நம்ம வயித்துக்குள்ள போனா? சர்க்கரையப் பிடிச்சு வச்சிக்கும்! டாக்டருக்கு இது தெரியும். சொல்லமாட்டான் லா!"

ஒரே கைதட்டல்.

பசையைப் பற்றி அவர் சொன்னது சரிதான். டாக்டரைப் பற்றிச் சொன்னதுதான் அநியாயம். கவர்மெண்ட் கிளினிக்கில் அவரைப் பார்க்கும் பெண் டாக்டர், "வெந்தயம் சாப்பிடுங்க அங்கிள், மாத்திரையையும் விடாதீங்க" என்று தமிழில்தான் சொன்னார். முதல் பாதியோடு இவர் காது அடைத்துக்கொண்டது.

மேடைக்குப் பின்னால் இருந்த அடுக்களையில் அவர் மனைவி பவுனம்மாள், ஊறிய வெந்தயத் தண்ணீரைக் காகிதக் கோப்பைகளில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கூட மலரும் கேத்தரினும். மூன்று பேருக்கும் ஒரே புளோக், ஒரே லிஃப்ட். மூன்று வீட்டுக்காரர்களுக்கும் ஒரே இனிப்புநீர் வியாதி.

ஒரே வாசனையும்கூட. வெந்தயம் வேர்வையிலும் இறங்கிவிடும். ராதாகிருஷ்ணன் லிஃப்டை விட்டுப் போன பிறகும் அரை மணி நேரம் அங்கேயேதான் நிற்பார்.

"மாத்திரை டப்பாவைக் குப்பையில போடுங்க!" என்று மைக் முழங்கியது.

பவுனம்மாள் ஊற்றுவதை நிறுத்தினாள். இத்தனை நாள் வீட்டோடு இருந்த கூத்து. இன்றைக்கு இவர் ஊரையே அல்லவா இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்! இதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை.

"மலரு, நான் ஒரு பாவம் பண்ணிட்டேன்டி. யார்கிட்டயும் சொல்லிடாத. அவரு தூக்கிப் போடச் சொன்ன மாத்திரைய நான் போடல. காலையில நுணுக்கி, அவரு குடிக்கிற வெந்தயத் தண்ணியிலேயே கலக்கிடுறேன். அந்தக் கசப்புல இந்தக் கசப்பு அவருக்குத் தெரியல. சுகர் இறங்கினது அதனாலதான்."

மலர் கையிலிருந்த ஜக்கைக் கீழே வைத்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஐயோ அக்கா! நீங்களுமா? நான் பிளெண்டர்லயே போட்டு அரைச்சிடுறேன்!"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கேத்தரின் திரும்பாமலே சொன்னாள்: "எங்க வீட்டுக்காரரு லியனார்டுக்குக் கரண்டியால நசுக்கிப் போடுறேன். ஆண்டவர் மன்னிப்பாரு."

மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அப்பாடா! ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாரம் பவுனம்மாளுக்கு இறங்கிவிட்டது. ஊரே இப்படித்தான் என்றால் பயப்பட என்ன இருக்கிறது? இவர் பேசட்டும், அவர்கள் கைதட்டட்டும். பொம்பளைகள் நாங்கள் இருக்கிறோம்.

"இப்ப நம்ம சின்னையா அண்ணன் ரெண்டு வார்த்தை பேசுவாரு" என்றது மைக்.

சின்னையா அதே புளோக்கில் கடைசி மாடி. லோரி ஓட்டி ஓய்ந்தவர். கதவிடுக்கில் அவர் முதுகு தெரிந்தது. ஒரு காலில் சப்பாத்து, மற்ற காலில் கட்டுப் போட்டு ரப்பர் செருப்பு.

"போன மாசமே எல்லா மாத்திரையையும் டாய்லட்ல கொட்டி ஃப்ளஷ் பண்ணிட்டேன். வெந்தயம் மட்டுந்தான். முன்னயெல்லாம் கால்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். இப்ப ஒண்ணுமே தெரியல! புண்ணுகூட வலிக்கல!"

மண்டபம் அதிரக் கைதட்டியது.

அடுக்களையில் சிரிப்பு அப்படியே நின்றது. கேத்தரின் குழாயை மூடினாள். உணர்வு செத்த கால் அது என்று மூன்று பேருக்கும் தெரியும்.

சின்னையாவின் மனைவி இறந்தபோது, துக்கவீட்டுக்குச் சோறு பொங்கியது இவர்கள் மூன்று பேரும்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தண்ணீர் கலக்கிக் கொடுக்க ஒரு கை கிடையாது.

பவுனம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தாள். கைப்பையைத் திறந்து நாளைக் காலைக்கான மாத்திரை அட்டையை எடுத்து உள்ளங்கையில் மடக்கிக்கொண்டாள். "அக்கா, மானம் போயிடும்க்கா" என்று மலர் கையைப் பிடித்தாள். பவுனம்மாள் பிடியை விடுவித்துக்கொண்டு மேடை ஏறினாள்.

ராதாகிருஷ்ணனுக்கு முகமெல்லாம் பல்.

"பாருங்க, என் சம்சாரமே வந்துட்டாங்க! இதைவிடப் பெரிய சாட்சி வேணுமா? ஒரு நாள் தவறாம எனக்குக் கலக்கிக் கொடுக்கிற கை இது. பவுனு, நீயே சொல்லு. என்ன போட்டுக் கலக்குற?"

மைக்கை அவள் கையில் கொடுத்தார். முன்வரிசையில் சின்னையா கைதட்டத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"சொல்றேங்க" என்று பவுனம்மாள் மடக்கியிருந்த கையை விரித்தாள்.