வாடகைச் சண்டை

"ஊர் உலகத்துல எவளாவது அடுத்தவங்களுக்காகச் சண்டை போடறதைத் தொழிலா வெச்சுப்பாளாடி? கடையை மூடிட்டு வந்து என் ஆபீஸ்ல சேரு. சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லு. அந்த இடத்துக்கு நாலு பேர் நிக்கிறாங்க."

போனில் அக்கா பொரிந்து தள்ளினாள். இந்தப் பக்கம் தங்கை வாயே திறக்கவில்லை. அவள் வாய் திறக்காமல் இருப்பது உலக அதிசயம். பள்ளிக்கூடத்திலேயே அவளுக்குச் சண்டைக்காரி என்றுதான் பெயர்.

அந்தப் பெயரையே முதலாகப் போட்டு, வாசல் அறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு போன் என்று போன மாதம் கடையைத் திறந்தாள். 'உங்களுக்குப் பதில் நாங்கள் சண்டை போடுவோம்' என்று வாசலில் பலகை. தைத்த சட்டையில் ஒரு கை நீளமா? வாங்கிய மிக்ஸி மறுநாளே மூச்சை விட்டுவிட்டதா? போய்க் கேட்கக் கூச்சமா? எதிர் நாற்காலியில் உட்கார்ந்து குறையைச் சொன்னால் போதும். கடைக்காரருக்குப் போனைப் போட்டு, ஸ்பீக்கரில் உங்கள் கண் முன்னாலேயே அவரைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவாள்.

யோசனை பிரமாதம். வந்தவர்கள்தான் கோளாறு.

அன்று காலை வந்த மூக்குக்கண்ணாடிக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். தையல்காரர் மாதக்கணக்கில் கோட்டைத் தராமல் இழுத்தடிக்கிறார் என்று அழாத குறையாகச் சொன்னார். இவள் போனைப் போட்டாள்.

"ஏங்க, நீங்க கோட்டு தைக்கிறீங்களா, கோட்டை கட்டறீங்களா?"

"இன்னும் ஒரே வாரம்மா..." என்று இழுத்தார் தையல்காரர்.

"இப்படியே ஒவ்வொரு வாரமாப் போனா, இவருக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளைக்குத்தான் கோட்டு சரியா இருக்கும்!"

சண்டை சூடு பிடிக்கிற நேரத்தில் கண்ணாடிக்காரர் பாய்ந்து போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"அண்ணே, மன்னிச்சுக்குங்க! இந்தம்மா ஏதோ தெரியாம... நீங்க நிதானமாத் தைங்கண்ணே. அவசரமே இல்ல."

போனை வைத்துவிட்டு இவளை முறைத்தார். "பாவம்மா அந்த மனுஷன். இப்படியா பேசறது?" என்று எழுந்து போயே போய்விட்டார். கட்டணமாவது ஒன்றாவது!

வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். சண்டை போடத் தெரியாதவர்களுக்கு, அடுத்தவர் போடுவதைப் பார்க்கவும் தெம்பு இல்லை.

"என்னடி, பேச்சையே காணோம்?" என்றாள் அக்கா.

"சாயங்காலம் சொல்றேன்க்கா."

"நல்ல முடிவாச் சொல்லு. அப்புறம்... என் வாஷிங் மெஷினை ரிப்பேர் பண்றவன் வர்றேன் வர்றேன்னு டிமிக்கி குடுக்கறான். உன் பாணியில அவனை நாலு கேள்வி கேட்டுடு."

"கட்டணம் உண்டுக்கா."

"கூடப் பிறந்தவகிட்டயா? போடி!"

அக்கா வைத்துவிட்டாள். இவள் மனசு கேட்காமல் ரிப்பேர்காரனைக் கூப்பிட்டாள். இரண்டே நிமிடம்தான். "இதோ கிளம்பிட்டேன்மா, செருப்பு மாட்டறேன்" என்றான் அவன். காசு வராத சண்டை என்றால் மட்டும் கச்சிதமாக ஜெயிக்கிறது!

உள்ளே கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சாது என்றால் அப்படி ஒரு சாது. கடைக்காரர் ஒரு அளவு சின்னதாக ஷூ கொடுத்துவிட்டார் என்பதற்காக, மாற்றிக் கேட்கக் கூசி, காலை மடக்கி மடக்கிப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிற ஆத்மா.

"என்னங்க, மூடிடட்டுமா?"

"உன் இஷ்டம்."

ஒரு வாரமாக இதே கேள்வி, இதே பதில். 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்? இவருக்கும் இது பிடிக்கவில்லை, மூடினால் நிம்மதி என்று இருக்கிறார். அதை வாய்விட்டுச் சொல்லத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். ஊரே கேலி செய்தபோது வராத அழுகை இவளுக்கு இப்போது வந்தது.

"என் இஷ்டம்தானே? மூடறேன் பாருங்க!"

விறுவிறுவென்று வாசலுக்கு வந்து, ஸ்டூலைப் போட்டு ஏறினாள். பலகையில் ஒரு ஆணி கழன்றது. அடுத்த ஆணிக்குக் கை போன நேரம், உள்ளே நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

வாடிக்கையாளர் நாற்காலியில் கணவர் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை.

"எனக்கு ஒரு சண்டை போடணும்."

இவள் ஸ்டூலிலிருந்து குதித்தே இறங்கினாள். கல்யாணம் ஆன நாளாய் அந்த வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை.

"யார்கிட்ட? உங்க மேனேஜர்கிட்டயா? நம்பரைக் குடுங்க!"

"இல்ல. ஒரு பொம்பளகிட்ட."

"பொம்பளையா!" கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையை மடித்துவிட்டுக்கொண்டாள். "என்ன பண்ணினா உங்களை?"

"என்னை ஒண்ணும் பண்ணல." எச்சில் விழுங்கினார். "அருமையான தொழில் ஒண்ணு வெச்சிருக்கா. வர்றவங்களை எதிர்ல உக்கார வெக்காம, வீட்டுக்கு அனுப்பிட்டு அப்புறம் சண்டை போட்டா ஓஹோன்னு ஓடும். அது புரியாம, மூடியே தீருவேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா. மூடாதேன்னு சொல்ல எனக்கு ஒரு வாரமா வாய் வரைக்கும் வருது, அதுக்கு மேல வரல. நீதான் கேக்கணும்."

சண்டைக்காரி, மடித்துவிட்ட கையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"கொஞ்சம் சத்தமாவே கேளு" என்றார் அவர். "மெதுவாச் சொன்னா அவ காதுல ஏறாது."