சம்பந்தியம்மாவின் கொசுவம்

மகன் கல்யாணத்துக்கு நார்வே போயிருந்தபோது, பெண்ணின் தாய் துரீத்தைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு, என் மனைவி சொர்ணம் பக்கத்தில் உட்கார, மண்டபத்துக்கு நானே காரை ஓட்டினேன். வழிகாட்டிக் கருவி தமிழில் வழி சொன்னது. தமிழ் வேறு யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம் எனக்கு.

“சொர்ணம், சம்பந்தியம்மா சேலை கட்டியிருக்கற லட்சணத்தைப் பாத்தியா? சோளக்கொல்லை பொம்மை தோத்துது போ.”

“சும்மா ஓட்டுங்க. அவங்க காதுல விழுந்துடப் போவுது.”

விழுந்துவிட்டது. அந்த ஊர்க் கருவி, காருக்குள் பேசுகிற எல்லாவற்றையும் ஒவ்வொரு சீட்டுக்கும் அவரவர் மொழியில் சொல்லுமாம். கண்ணாடியில் பார்த்தேன். துரீத் தலைகுனிந்து மடிப்புகளை நீவிக்கொண்டிருந்தார்.

“அடுத்த ரவுண்டானாவுக்குள் மன்னிப்புக் கேட்கவும்” என்றது கருவி.

எனக்கு வாய் எழவில்லை. கருவியும் வெளியேறும் வழியைச் சொல்லவில்லை. ரவுண்டானாவையே சுற்றிச் சுற்றி வந்தோம். கல்யாண ஊர்வலம் என்று நினைத்து ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள்.

கடைசியில் துரீத் மெல்ல ஏதோ சொல்ல, கருவி தமிழாக்கியது: “அண்ணா, ஓரமாக நிறுத்துங்கள். அண்ணி எனக்குச் சரியாகக் கட்டிவிடட்டும். வீடியோவைப் பார்த்துத்தான் கட்டினேன், வரவில்லை.”

நிறுத்தினேன். கொசுவத்தைக் கீழே இழுத்துப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. சொர்ணம் என்னைப் பார்த்தாள். கோட்டும் சூட்டுமாக நடுத்தெருவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அங்கேதான் எனக்கு வாய் வந்தது.