கறுப்புப் பட்டை

மேலாளர் கோமதிநாயகத்தின் மீது வந்த புகாரை, அவரும் படித்துப் பதிலெழுத, அலுவலகக் கணினியின் பொதுக்கோப்பில் ஏற்ற வேண்டும். அதற்குமுன் புகார் கொடுத்தவரின் பெயரில் கறுப்பு பூசுவது வான்மதியின் வேலை. கண் எரிய எரியப் பூசி ஏற்றிவிட்டாள்.

“அக்கா, என் பேரு தெரியாதுல்ல?” பக்கத்து இருக்கை ஜெசிந்தா மறுபடியும் கேட்டாள்.

“நானே தேடினாலும் கிடைக்காதுடி. போய் டீயக் குடி.”

அவள் போனபிறகுதான் வான்மதிக்கு உறைத்தது. நிறம்தான் கறுப்பு, எழுத்து அடியில் அப்படியே கிடந்தது. நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் தெரிந்துவிடும். கோமதிநாயகம் அதற்குள் கோப்பைத் திறந்து படிக்கத் தொடங்கியிருந்தார்; திரையில் அவர் பெயர் தாங்கிய சுட்டியின் சிவப்புக் கோடு வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்காதபடி கோப்பை மூட, கணினியில் அனுமதி கேட்டாள். ‘மேலாளர் கோமதிநாயகத்திடம் கேட்கவும்’ என்று திரையில் பதில் வந்தது. பெயரை அழிக்கலாம், ஆனால் பெயரில்லாத புகாரை இந்த அலுவலகம் குப்பையில் போட்டுவிடும்.

அவளுக்கு அலுப்பாக இருந்தது. கறுப்புக்குள் புகுந்து ஜெசிந்தாவை அழித்துவிட்டு, தன் பெயரைத் தட்டினாள். கறுப்பில் கறுப்பாக ஒன்றும் தெரியவில்லை.

சிவப்புக் கோடு பட்டையின் ஓரத்தில் வந்து நின்றது.

“அக்கா, உங்களுக்கும் டீ சொல்லிட்டேன்,” என்றாள் ஜெசிந்தா, வாசலிலிருந்து. “ஆறிடப்போகுது, வாங்க.”