ஐம்பத்திரண்டு கிலோ

நகரத்தின் முந்நூற்றுப் பன்னிரண்டு லிஃப்ட்டுகளுக்கும் தமயந்தி தன் மேசையிலிருந்தே, இணையம் வழியாகப் புது மென்பொருளை அனுப்பியிருந்தாள். ஒன்று மட்டும் மூன்று நாளாக அதை வாங்கிக்கொள்ளவில்லை. உள்ளே ஆள் இருக்கும்போது மென்பொருளை மாற்றக் கூடாது என்பது விதி. அதை எழுதியவளே அவள்தான். எப்போது கேட்டாலும் அந்த லிஃப்ட்டிடமிருந்து ஒரே பதில் வந்தது: “உள்ளே எடை 52 கிலோ. காத்திருக்கிறது.”

எடைக் கருவி கெட்டிருக்கும் என்று அந்தக் குடியிருப்பின் வாட்ச்மேன் சவரிமுத்துவுக்குப் போன் செய்தாள்.

“கதவத் தொறந்து வச்சுப் பாத்துட்டேம்மா. உள்ள ஈ எறும்புகூட இல்ல.”

“நீங்க எத்தன கிலோண்ணே?”

“எழுவத்தொண்ணு. போன வாரந்தான் ஆஸ்பத்திரில பாத்தாங்க.”

“சும்மா ஒரு தடவ ஏறி நில்லுங்க.”

ஏறினார். அவள் திரையில் 123 என்று வந்தது. கருவியில் ஒரு குறையும் இல்லை.

“அண்ணே, வெளிய வந்துடுங்க. உடனே!”

செருப்புச் சத்தம் கேட்டது. எண் மறுபடி 52க்கு இறங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பூஜ்யத்துக்கு இறங்கியது. அடுத்த நொடியே லிஃப்ட் மென்பொருளை வாங்கிக்கொள்ளத் தொடங்கியது. பட்டியலின் கடைசிச் சிவப்புப் புள்ளியும் பச்சையானது.

சவரிமுத்து போனை இன்னும் வைக்கவில்லை. வாசல் கேட்டுக்கு வருகிறவர்களிடம் தினமும் பேசும் அதே குரலில், பக்கத்தில் யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார்.

“எந்த வீட்டுக்குப் போகணும்?”