துண்டு கட்டிய முகம்

இராஜாங்கம் அவசரமாக மை தொட்டு வரைகிறார். வாரப் பத்திரிகை இந்த வாரம் கொடுத்த தலைப்பு 'அறுவடை'. படம் நான்கு மணித் தபாலில் போயாக வேண்டும். கண் எரிகிறது. வரைவது சிறுவயதில் பார்த்த வயல்தான். வரப்பில், கூலி உயர்வு கேட்டுச் செங்கொடியோடு உள்ளூர்க்காரர்கள். வயலுக்குள், மிராசுதார் லாரியில் கொண்டுவந்து இறக்கிய ஆட்கள் துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டு அறுக்கிறார்கள்.

"உங்கப்பாவ எங்க காணோம்? கொடி பிடிச்சவருன்னு ஊரெல்லாம் பெருமை அடிப்பீங்களே!" உறைக்குப் பசை தடவியபடி மனைவி அம்சம் சீண்டுகிறாள்.

"சொல்லிச் சொல்லி அலுத்துடுச்சு, அம்சம்."

முகம் மறைத்த ஒருவனின் வலது கையில் இருந்த அரிவாளைப் பிளேடால் சுரண்டி அழித்துவிட்டு, அதை அவனுடைய இடது கைக்கு மாற்றி வரைகிறார்.

அம்சத்தின் விரலில் பசை காய்கிறது. ஊரிலேயே இடது கையால் கதிர் அறுத்தவர் அவள் மாமனார் ஒருவர்தான்.