மரங்களுக்குப் பிறந்தநாள்

மூன்றாவது கல்லில் பச்சை தெரிந்தது.

அவன் கரணையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தான். சந்தேகமே இல்லை. முளைதான்.

"புடுங்கிட்டு ஒரு கை மண்ணு வெச்சுப் பூசுடா. பத்து மணிக்கு சனம் வந்துடும்" என்றார் மேஸ்திரி கலியமூர்த்தி.

கோட்டக்குப்பம் தாண்டி ஒரு கண்காட்சிக் கூடம். உள்ளே மண்கல் அடுக்கிச் சுவர் எழுப்பியது அவன். அதில் பதினைந்து கல்லில் கல்லுக்கொரு விதையாகப் பதித்து மண் பூசியது நோகா, இஸ்ரேல்காரி. அவள் அப்பாவின் தோப்பு தீயில் எரிந்துபோனது; அதில் மிஞ்சிய விதைகள்.

யூதர்களுக்கு மரங்களுக்கென்றே ஒரு பண்டிகை உண்டாம். அன்றைக்கு எல்லா மரத்துக்கும் ஒரு வயசு கூடும். இன்றுதான் அது. இந்த விதைகளுக்கு மட்டும் வயசு ஏறாது, அதைக் காட்டத்தான் இந்தச் சுவர் என்று அரைகுறைத் தமிழில் சொல்லியிருந்தாள்.

தண்ணீர் படக்கூடாது என்று அச்சடித்து ஒட்டியும் இருந்தாள்.

அவன் முப்பத்தெட்டு வயசில் கற்ற எழுத்து. கூட்டிக் கூட்டிப் படித்தான். நன்றாகவே புரிந்தது.

ஆனால் கட்டின சுவருக்குத் தண்ணீர் காட்டாமல் அவன் ஒருநாளும் வீட்டுக்குப் போனதில்லை. சுவரைப் பற்றி அந்தம்மாவுக்கு என்ன தெரியும். கட்டி முடித்த இந்த இருபது நாளும் விடியலில் வந்து தெளித்தான். அவள் வருவதற்குள் காய்ந்துவிடும்.

தெரிந்தால் வேலை போகும். போனால் மறுபடி கல்குவாரி. முதுகு தாங்காது.

சுவரில் முளைத்த அரசங்கன்று எத்தனையோ பிடுங்கிய கை. விரலைக் கொண்டுபோனான்.

நூல் கனம்கூட இல்லை. விதைத்தோல் இன்னும் தலையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னடா தடவிக் குடுக்கற? ஒம் பேத்தியா அது?"

பின்னால் செருப்புச் சத்தம். நோகா.

மேஸ்திரி கூரையைப் பார்த்தார். "ஏசித் தண்ணி ஒழுகியிருக்கும்மா."

"ஒழுகல. நாந்தாம்மா தெளிச்சேன்."

அவள் தரையில் உட்கார்ந்தாள். அவள் மொழியில் ஏதோ சொன்னாள். மாதுளை என்றிருக்க வேண்டும்; முளை அப்படித்தான் இருந்தது. வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

பிறகு சுவரோரத்துப் பெயர் அட்டையிடம் போனாள். 'முளைக்காத பதினைந்து'.

பதினைந்தின் மேல் ஒரு கோடு போட்டாள். அதற்குமேல் தமிழில் எழுத வராது. பேனாவை அவனிடம் நீட்டினாள்.

பதினான்கு. அவனுக்கு எழுதத் தெரியும்.

எழுதுமுன் எதற்கும் சுவரை மேலிருந்து ஒருமுறை பார்த்துக்கொண்டு வந்தான். பதினோராவது கல்லில் மண் லேசாக உப்பி, மயிரிழை அளவுக்கு வெடித்திருந்தது.

பேனாவை மூடினான்.

"ரெண்டு நாள் போவட்டும்மா."